இருபது நிமிடம் எரிந்து நின்றுபோன ஃபர்னஸ்: ஸ்காபரோ வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

இதில் வரும் குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டேன். நான் ஒன்டாரியோவில் உரிமம் பெற்ற காஸ் டெக்னீஷியன். இந்த வீட்டுக்கு இரண்டாவதாக அழைக்கப்பட்டவன்.

பின்னணி

வீடு ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் இருக்கிறது. 1980களில் கட்டிய இரண்டு மாடி வீடு. மேலே கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், மனைவியின் தாயார். கீழே பேஸ்மென்டில் வாடகைக்கு ஓர் இளம் தம்பதி, கைக்குழந்தையோடு. முழு வீட்டையும் சூடாக்குவது காஸில் எரியும் ஒரே ஃபர்னஸ்தான். அது பேஸ்மென்டில், வாடகைக்காரரின் படுக்கையறைச் சுவருக்கு அடுத்த பக்கம், ஒரு சிறு அறைக்குள் நிற்கிறது.

ஃபர்னஸுக்கு வயது பதினான்கு. இரண்டு பிவிசி குழாய்கள் பக்கச் சுவர் வழியாக வெளியே போகும் வகை. ஒன்று காற்றை உள்ளே எடுக்கும், மற்றது புகையை வெளியே விடும். கனடாவில் 2009 டிசம்பர் முடிவிலிருந்து வீட்டுக்கான காஸ் ஃபர்னஸ்கள் குறைந்தது 90 சதவீதத் திறனோடு இருக்க வேண்டும் என்று விதி வந்தது. 2019 ஜூலையில் அது 95 ஆனது. அந்தத் திறன் எங்கிருந்து வருகிறது என்பது இந்த நிகழ்வுக்கு முக்கியம். இயற்கை வாயு எரியும்போது நீராவியும் உண்டாகிறது. பழைய ஃபர்னஸ்களில் அது சூட்டோடு புகைபோக்கி வழியே போய்விடும். புதியவற்றில் இருக்கும் இரண்டாவது வெப்பமாற்றி, நீராவி தண்ணீராகும் வரை புகையைக் குளிரவைத்து, அந்தச் சூட்டையும் வீட்டுக்கே எடுத்துத் தருகிறது. மிஞ்சுவது தண்ணீர், அதுவும் கொஞ்சம் அமிலத் தன்மையுள்ள தண்ணீர். இந்த அளவு ஃபர்னஸ் ஒரு மணி நேரம் விடாமல் எரிந்தால் ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் வரை வரும். அது எங்காவது போய்ச் சேர வேண்டும்.

முன்பு அந்தத் தண்ணீர் ஃபர்னஸுக்குப் பக்கத்தில் தரையிலிருந்த டிரெயினுக்குள் (வடிகாலுக்குள்) போனது. மூன்று ஆண்டுகளுக்கு முன் பேஸ்மென்டை வாடகைக்கு ஏற்றபடி திருத்தியபோது, கட்டட வேலை செய்தவர் அந்த டிரெயினை மூடி மேலே புதுத் தரை போட்டுவிட்டார். தண்ணீர்க் குழாயைச் சுவரோரமாக இழுத்து, முன்வாசல் படிகளுக்குக் கீழே இருக்கும் கோல்ட் ரூமின் டிரெயினில் கொண்டுபோய் விட்டார். கோல்ட் ரூம் என்பது வெளியே காற்றுத் துவாரம் வைத்த, சூடேற்றாத கொங்கிரீட் அறை. வெங்காயம், உருளைக்கிழங்கு, அரிசி மூட்டை எல்லாம் வைக்க நம்மவர் வீடுகளில் அதிகம் பயன்படுகிற இடம். குழாயின் கடைசி இரண்டு மீட்டர் அந்த அறையின் வெளிச்சுவரோரமாகவே போனது. இப்படி மாற்றியது வீட்டுக்காரருக்குத் தெரியும். அதற்கும் ஹீட்டிங் நிற்பதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் அறிகுறிகள்

டிசம்பரில் இரண்டு தரம் ஃபர்னஸ் நின்றது. இரண்டு தரமும் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்த மின்சுவிட்சை அணைத்துப் போட்டார், அது எரியத் தொடங்கியது. அதோடு அவர் அதை மறந்துவிட்டார்.

ஜனவரி நடுவில் நல்ல குளிர் வந்தது. இரவில் மைனஸ் 18 டிகிரி. ஒரு நாள் சாமம் இரண்டு மணிக்கு வீடு 16 டிகிரிக்கு இறங்கிவிட்டது. தெர்மோஸ்டாட்டின் பேட்டரியை மாற்றினார்கள். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார்கள், அழுக்காக இருந்தது, புதிது போட்டார்கள். சுவிட்சை அணைத்துப் போட்டதும் மறுபடி எரிந்தது. விடிவதற்குள் திரும்ப நின்றது.

இதுவரை செய்தது எல்லாமே வீட்டுக்காரர் செய்யக்கூடிய, செய்ய வேண்டிய வேலைகள்தான். ஆனால் ஃபர்னஸின் கண்ட்ரோல் போர்டில் சின்ன விளக்கு ஒன்று இருக்கிறது. பழுது ஏற்பட்டால் அது குறிப்பிட்ட எண்ணிக்கையில் சிமிட்டிக் காட்டும். எந்த எண்ணிக்கைக்கு என்ன பழுது என்பது கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும். பல போர்டுகளில் மின்சாரத்தை அணைத்தால் அந்தக் குறி அழிந்துபோகும். ஒவ்வொரு தரமும் சுவிட்சை அணைத்தபோது, என்ன நடந்தது என்பதற்கான சாட்சியும் சேர்ந்து அழிந்தது.

அடுத்த நாள் வீட்டுக்காரர் புது தெர்மோஸ்டாட் வாங்கி மாட்டினார். ஃபர்னஸ் எரிந்தது, பகல் முழுக்கப் பிரச்சினை இல்லை. இரவு நின்றது.

முதல் பழுதுபார்ப்பு

இரண்டாம் நாள் இரவு வந்த டெக்னீஷியன் போர்டின் குறியைப் பார்த்தார். பிரஷர் சுவிட்ச் மூடவில்லை என்று காட்டியது. அது என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் ஃபர்னஸ் உடனே வாயுவைத் திறக்காது. முதலில் ஒரு சிறு விசிறி ஓடி, எரியும் அறைக்குள்ளிருந்து புகைக் குழாய்ப் பக்கமாகக் காற்றை இழுக்கும். அந்த இழுப்பு போதுமான அளவு இருக்கிறதா என்று பார்ப்பது பிரஷர் சுவிட்ச். மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்றின் வழியாக அது இழுப்பை உணரும். போதும் என்றால்தான் தீ மூட்டும் இக்னைட்டர் சூடேறும், பிறகு வாயு திறக்கும். தீ பற்றியதை இன்னொரு சென்சர் உறுதிசெய்யும். கடைசியாகத்தான் பெரிய விசிறி ஓடி வீட்டுக்குள் சூட்டை அனுப்பும். எரிந்துகொண்டிருக்கும்போது இழுப்பு குறைந்தாலும் சுவிட்ச் உடனே வாயுவை மூடிவிடும். புகை வெளியேற வழியில்லாமல் தீ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வீட்டுக்குள் வரும். அதைத் தடுக்கத்தான் இந்தச் சுவிட்ச்.

அவர் வெளியே போய்ப் பார்த்தார். காற்றெடுக்கும் குழாயின் வாயில் போட்டிருந்த வலையில் வெண்பனி படிந்து அடைத்திருந்தது. புகையோடு வரும் ஈரம் திரும்ப உள்ளே இழுக்கப்பட்டால் இப்படிப் படியும். வலையைச் சுத்தம் செய்து கழற்றிவிட்டார். ஃபர்னஸ் எரிந்தது. பத்து நிமிடம் போல நின்று பார்த்துவிட்டு, திரும்ப நின்றால் சுவிட்சையே மாற்ற வேண்டும், அதற்குப் பொருள் வரவழைக்க வேண்டும் என்று சொல்லிப் போனார்.

அவர் கண்டது பொய்யில்லை. குறி காட்டிய பழுதுக்கு அந்த வெண்பனி பொருத்தமான காரணம்தான். அப்படிப்பட்ட குளிரில் ஒரே இரவில் பல வீடுகளுக்கு ஓட வேண்டிய நிலையில், பொருத்தமான காரணம் ஒன்று கையில் கிடைத்ததும் அடுத்ததைத் தேட யாருக்கும் நேரம் இருக்காது. ஆனால் இந்த ஃபர்னஸ் பத்து நிமிடத்தில் நிற்பது இல்லை.

மூன்றாம் நாள்

காலையில் மறுபடி நின்றது. இந்தத் தரம் சுவிட்சை அணைத்துப் போட்டும் உடனே எரியவில்லை. ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தபோது எரிந்தது, பிறகு நின்றது. மாலைக்குள் மேலே 12 டிகிரி, பேஸ்மென்டில் 10.

குளிர் கூடக்கூட வீட்டில் அவரவர் ஒரு வழி பார்த்தார்கள். கீழே இரண்டு மின்சார ஹீட்டர்கள் ஒரே சர்க்கியூட்டில் போடப்பட்டு பிரேக்கர் விழுந்தது. 1500 வாட் ஹீட்டர் ஒன்று 120 வோல்ட்டில் பன்னிரண்டரை ஆம்பியர் எடுக்கும், 15 ஆம்பியர் பிரேக்கர் இரண்டைத் தாங்காது. இதைப் பார்த்து, ஃபர்னஸிலும் கரண்ட் பிரச்சினைதான் என்ற எண்ணம் வந்தது. ஃபர்னஸ் தனி சர்க்கியூட்டில் இருந்தது, அந்த பிரேக்கர் விழவே இல்லை. மேலே தாயார் குசினியில் காஸ் ஓவனைக் கொளுத்தி, கதவைத் திறந்து வைத்திருந்தார். உறவினர் ஒருவர் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, பிரஷர் சுவிட்சின் இரண்டு வயரையும் சேர்த்துவிட்டால் எரியும், பொருள் வரும் வரைக்கும் அப்படி ஓட்டலாம் என்றார்.

அந்தக் கடைசி யோசனை வந்தபோதுதான் வீட்டுக்காரரின் மனைவி என்னைக் கூப்பிட்டார். "அண்ணா, வயரைச் சேர்க்கலாமோ எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றுதான் கேட்டார். கூடாது என்று சொன்னேன். சாமம் முழுக்க எல்லாரும் தூங்கும் வீட்டில், புகை வெளியே போகிறதா என்று காவல் காக்கும் கருவியைக் கண்ணை மூடவைக்கும் வேலை அது. ஓவனையும் அணைக்கச் சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன்.

போனதும் பார்த்தவை

முதலில் கார்பன் மோனாக்சைடு மீட்டரோடு வீட்டைச் சுற்றினேன். ஓவனை அணைத்த பிறகும் குசினியில் 20 பிபிஎம்முக்கு (காற்றின் பத்து லட்சம் பங்கில் 20 பங்குக்கு) மேல் காட்டியது. ஜன்னலைத் திறந்து காற்று மாற்றினோம். ஃபர்னஸ் அறையிலும் படுக்கையறைகளிலும் பூச்சியம். மேல்மாடியிலிருந்த கார்பன் மோனாக்சைடு அலார்மைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பார்த்தேன், அதன் காலம் முடிந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. பேஸ்மென்டில் அலார்மே இல்லை. ஒன்டாரியோவில் 2014 இலிருந்து, வாயு எரியும் கருவி உள்ள வீடுகளில் தூங்கும் இடங்களுக்குப் பக்கத்தில் அலார்ம் கட்டாயம். தாயார், "தம்பி, அலார்ம் அடிக்கேல்லையே, அப்ப பிழையில்லைத்தானே" என்று கேட்டார். நல்ல அலார்மாக இருந்தாலும் 70 பிபிஎம்மில் ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள்தான் அடிக்கும், 30க்குக் கீழே பொதுவாக அடிக்காது என்று அவருக்கு விளக்கினேன். அவர் அந்த ஓவனை இரண்டு இரவாகக் கொளுத்தியிருந்தார்.

பிறகு ஃபர்னஸைத் தொடுவதற்கு முன் கேட்டேன்: எப்போது நிற்கிறது, எவ்வளவு நேரம் எரிந்து நிற்கிறது, எவ்வளவு நேரம் கழித்து மறுபடி எரிகிறது? மேலே இருந்தவர்களுக்கு நிற்பது தெரியாது, வீடு குளிர்ந்த பிறகுதான் தெரியும். சரி, கீழே இருப்பவர்களைக் கேட்போம் என்று போனேன். குழந்தையை வைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார். மூன்று கிழமையாக அந்தச் சுவருக்குள் தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரிச் சத்தம் கேட்கிறதாம். எரியத் தொடங்கும்போது இல்லை, கொஞ்ச நேரம் போனபிறகு வருகிறது, சத்தம் வந்து சிறிது நேரத்தில் நின்றுவிடுகிறது. இருபது நிமிடம் இருக்கும் என்றார். குழந்தைக்குப் பால் கொடுக்க எழும்பும் நேரங்களில் கவனித்திருக்கிறார். அதுவரை யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. வாடகைக்கு இருப்பவர், வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்வதாகிவிடும் என்று அவராகவும் சொல்லவில்லை.

என் பார்வையில் இந்த நிகழ்வின் திருப்பம் அந்தப் பேச்சுத்தான். மீட்டர் அதை உறுதிசெய்ய மட்டும் உதவியது.

அளவெடுத்தல்

பிரஷர் சுவிட்சின் ரப்பர்க் குழாயில், இழுப்பை அளக்கும் மானோமீட்டரை இணைத்து, ஃபர்னஸை எரியவிட்டேன். சுவிட்ச் மூடியிருக்க 0.60 அங்குல நீரழுத்த இழுப்பு வேண்டும் என்று அதன் மேல் அச்சிட்டிருந்தது. தொடக்கத்தில் 0.95 காட்டியது, தாராளம். பத்தாவது நிமிடத்தில் 0.90. முதல் டெக்னீஷியன் பார்த்திருக்கக்கூடிய நிலை இதுதான், இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. பதினைந்தாவது நிமிடத்தில் எண் இறங்கத் தொடங்கியது. சிறு விசிறியின் பக்கம் கொப்பளிக்கும் சத்தம் வந்தது. 0.75, 0.68, பிறகு மேலும் கீழும் துள்ளி 0.60க்குக் கீழே போனதும் சுவிட்ச் திறந்து தீ அணைந்தது. சுவிட்ச் தன் வேலையைச் சரியாகவே செய்தது. புதிய சுவிட்ச் போட்டிருந்தாலும் அதே இடத்தில் நின்றிருக்கும்.

வெளிக்குழாய்கள் இரண்டும் அடைப்பில்லாமல் இருந்தன. அப்படியானால் நேரம் போகப்போக இழுப்பைக் குறைக்கக்கூடியது ஒன்றுதான்: எரிய எரிய உண்டாகும் தண்ணீர். இரண்டாவது வெப்பமாற்றியின் அடியிலிருந்து வரும் குழாயைக் கழற்றியதும், வாளிக்குள் இரண்டு லிட்டருக்கு மேல் கொட்டியது. வடிந்து போயிருக்க வேண்டிய தண்ணீர் பெட்டிக்குள் ஏறி, புகை போகும் வழியையும் பிரஷர் சுவிட்சின் வாயையும் மூடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வடியும் வழியில் இருக்கும், புகை வெளியே கசியாமல் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கிவைக்கும் டிராப்பைக் கழற்றினால் பழுப்பு நிறத்தில் வழவழப்பான கசடு. அதைக் கழுவி மாட்டிய பிறகும் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கியது. குழாய் போகும் வழியே நடந்தேன். கோல்ட் ரூமுக்குள், வெங்காய மூட்டைக்குப் பின்னால், குழாய்க்குள் பனிக்கட்டி.

இப்போது எல்லாம் பொருந்தியது. அடைப்பு முழு அடைப்பு இல்லை. ஃபர்னஸ் நின்றிருக்கும் நேரத்தில் தண்ணீர் கசிந்து கொஞ்சம் இறங்கும், அதனால் ஓய்வுக்குப் பிறகு மறுபடி எரியும். சுவிட்சை அணைத்துப் போட்டதால் சரியானது போலத் தெரிந்ததெல்லாம் அந்த ஓய்வு தந்த பலன். பகலில் கோல்ட் ரூம் சிறிது சூடேறுவதால் வழி கொஞ்சம் திறக்கும், இரவில் இறுகும். குளிர் கூடினால் ஃபர்னஸ் நீண்ட நேரம் எரியும், தண்ணீரும் கூடும். சீக்கிரம் சூடாகட்டும் என்று தெர்மோஸ்டாட்டை 27இல் வைத்திருந்தார்கள். அப்படி வைத்தால் வீடு வேகமாகச் சூடாவது இல்லை, ஃபர்னஸ் இடைவெளி இல்லாமல் எரியும், அவ்வளவுதான். டிசம்பரில் நின்ற இரண்டு தரமும் இதே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் அதற்குச் சான்று இல்லை.

எடுத்த முடிவுகள்

அன்று இரவு குழாயை உருக்கித் திறந்துவிட்டுப் போகலாம். வீட்டுக்காரர் அதைத்தான் எதிர்பார்த்தார். ஆனால் மைனஸ் 18இல் அது விடிவதற்குள் மறுபடி உறையும். அதனால் கோல்ட் ரூம் குழாயை முற்றாகத் துண்டித்து, டிராப்புக்குப் பின்னால் திறந்த வாயுள்ள டி இணைப்பு ஒன்று வைத்து, தண்ணீரை வாளியில் விட்டேன். அந்தத் திறந்த இணைப்பு முதலிலேயே இருந்திருக்க வேண்டும். இருந்திருந்தால் அடைப்பு வந்தபோது தண்ணீர் தரையில் வழிந்து, மூன்று கிழமைக்கு முன்பே கண்ணில் பட்டிருக்கும். அது இல்லாததால் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் ஃபர்னஸுக்குள் ஏறியது.

வாளியை இரவில் ஒரு தரம், காலையில் ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்காரரோடும் கீழே இருந்தவரோடும் பேசி ஒழுங்கு செய்தோம். ஃபர்னஸை ஒரு மணி நேரம் விடாமல் எரியவிட்டு மானோமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 0.95ஐ விட்டு அசையவில்லை. தீயை உணரும் சென்சரின் மின்னோட்டமும் நல்ல அளவில் இருந்தது, அதனால் அதைத் தொடவில்லை. புது அலார்ம்கள் இரண்டை அன்றே கடையிலிருந்து எடுப்பித்து, ஒன்றைக் குழந்தை தூங்கும் அறைக்கு வெளியே மாட்டினோம்.

குசினித் தொட்டி வெளிச்சுவரோரம் இருந்ததால், வீடு சூடாகும் வரை அதன் கீழ்க் கதவைத் திறந்து, குழாயை நூல்போலத் திறந்துவைக்கச் சொன்னேன். தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தால் அது வேறொரு பெரிய செலவு.

பின்பு நடந்தது

காலைக்குள் வாளி முக்கால்வாசி நிறைந்திருந்தது. வீட்டுக்காரர் அதைப் படம் எடுத்து அனுப்பினார். இவ்வளவு தண்ணீர் அந்த இயந்திரத்திலிருந்து வருகிறது என்பதை அவரால் நம்ப முடியவில்லை. மேலே 21 டிகிரி, கீழே 20.

அந்த வாரக் கடைசியில் இந்தத் தண்ணீரை இறைத்து வெளியேற்றும் கண்டென்சேட் பம்ப் ஒன்று வைத்தோம். அதன் குழாய் வீட்டுக்குள்ளேயே, சூடான சுவர்களோரமாக, துணி தோய்க்கும் தொட்டிக்குப் போகிறது. பம்ப் பழுதாகித் தண்ணீர் மேலே வந்தால் ஃபர்னஸை நிறுத்தும் சுவிட்சையும் தெர்மோஸ்டாட் வயரில் இணைத்தோம். பல வீடுகளில் பம்ப் இருக்கும், இந்த வயர் மட்டும் இணைக்கப்படாமல் தொங்கும். முதல் நிறுவனத்துக்குச் சொல்லி, வரவழைத்த பிரஷர் சுவிட்ச் வேண்டாம் என்று நிறுத்தியாயிற்று. பெப்ரவரியில் வந்த அடுத்த கடுங்குளிரில் ஃபர்னஸ் ஒரு தரமும் நிற்கவில்லை.

இனி மாற வேண்டியவை

வீட்டுக்காரர்களுக்கு: ஃபர்னஸ் நின்றால் சுவிட்சைத் தொடுவதற்கு முன், சிறு கண்ணாடித் துளை வழியாகத் தெரியும் விளக்கை ஃபோனில் அரை நிமிடம் காணொளி எடுங்கள். பேட்டரி, ஃபில்டர், பிரேக்கர், கதவு சரியாக மூடியிருக்கிறதா, வெளிக்குழாய்களைப் பனி மூடியிருக்கிறதா, இவற்றை நீங்களே பார்க்கலாம். ஒரு தரம் அணைத்துப் போடலாம். அதே நாளில் இரண்டாம் தரமும் நின்றால் உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்கள். வாயுப் பக்கத்து வேலையை உரிமம் இல்லாதவர் செய்ய ஒன்டாரியோவில் சட்டம் இடம் தராது.

பேஸ்மென்டைத் திருத்துகிறவர்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஸ்காபரோவிலும் மார்க்கமிலும் நம்மவர்கள் எத்தனையோ பேர் பேஸ்மென்டை வாடகைக்கு விட்டுத்தான் வீட்டுக்கடனைக் கட்டுகிறார்கள். தரை போடுகிறவரும் சுவர் கட்டுகிறவரும் ஃபர்னஸின் தண்ணீர்க் குழாயைத் தொட்டால், மூடுவதற்கு முன் காஸ் டெக்னீஷியன் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். தரை டிரெயினை மூடவே கூடாது, தண்ணீர் வெள்ளமாக வந்தாலும் போகும் வழி அதுதான். ரொறன்ரோ நகர விதிப்படி குளிர்காலத்தில் வாடகைக்காரர் இருக்கும் இடம் குறைந்தது 21 டிகிரியில் இருக்க வேண்டும் என்பதால், ஃபர்னஸ் நிற்பது வீட்டுக்காரரின் சொந்தப் பிரச்சினை மட்டும் இல்லை.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு: விட்டுவிட்டு நிற்கும் ஃபர்னஸை அரை மணி நேரமாவது எரியவிட்டு, அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குளிர் இரவில் அந்த அரை மணி நேரம் பெரிய விலை என்று எனக்குத் தெரியும். நேரமே இல்லாவிட்டால் டிராப்பையாவது கழற்றிப் பாருங்கள். மற்றது, இயந்திரத்துக்குப் பக்கத்தில் தூங்குகிறவர் யாரோ அவரிடம் கேளுங்கள். இந்த வீட்டில் இப்போது கீழே இருப்பவர்களுக்காக என் எண்ணும் வீட்டுக்காரரின் எண்ணும் ஃபர்னஸ் அறைக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. சத்தம் ஏதாவது மாறினால் நேரே கூப்பிடலாம் என்று வீட்டுக்காரரே எழுதிவைத்தார்.

கோல்ட் ரூம் பக்கத்துப் பழைய குழாயின் இரண்டு முனைகளையும் மூடிவிட்டோம். தரைக்குள் போன டிரெயினைக் கோடையில் தோண்டித் திறப்பதற்கு ஆள் பேசியிருக்கிறார்கள்.